பிரிட்டன், மார்ச் 2020: பழைய எண்களின் மேல் நடந்த விவாதம்

2020 மார்ச் 12 மாலை பிரதமர் போரிஸ் ஜான்சன் செய்தியாளர்கள் முன் வந்தபோது, பிரிட்டனில் உறுதியான கோவிட் தொற்று சுமார் 590. இறந்தவர்கள் 10 பேர். மார்ச் 23 இரவு அவரே தொலைக்காட்சியில் தோன்றி எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, இறப்பு 335 ஆகியிருந்தது. இந்தப் பன்னிரண்டு நாட்களில் அங்கே நடந்த பொது விவாதத்தைப் போல விரிவாக ஆவணப்படுத்தப்பட்டவை குறைவு. ஆலோசனைக் குழுவின் கூட்டக் குறிப்புகள், நாடாளுமன்றக் குழுக்களின் அறிக்கை, பொது விசாரணையின் அறிக்கைகள் எல்லாம் இப்போது யாரும் படிக்கக் கிடைக்கின்றன.

‘மந்தை எதிர்ப்பாற்றலா, முடக்கமா’ என்ற ஒரே வரியாகத்தான் அந்த விவாதம் இன்று நினைவில் நிற்கிறது. மக்களில் பெரும்பகுதியினருக்கு எதிர்ப்பாற்றல் வந்து பரவல் தானாகத் தளரும் நிலைதான் மந்தை எதிர்ப்பாற்றல். ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கொள்கை மோதலைவிடப் பெரிய கோளாறு, அரசின் கையிலிருந்த எண்களின் வயது. நோய் ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டிருந்தது. ஆலோசகர்கள் ஐந்தாறு நாள் என்று நம்பினார்கள். எதிர்த்து வாதாடியவர்களுக்கு அந்த எண்ணே காட்டப்படவில்லை.

அரசின் வாதம்

மார்ச் 3 அன்று வெளியான செயல்திட்டத்தில் நான்கு சொற்கள் இருந்தன: கட்டுப்படுத்து, தாமதப்படுத்து, ஆராய், பாதிப்பைக் குறை. மார்ச் 12 அன்று முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்குவதாக அறிவித்தார்கள். காய்ச்சலோ புதிதாகத் தொடர் இருமலோ இருப்பவர்கள் ஏழு நாள் வீட்டில் இருக்க வேண்டும். பள்ளிகள் நடக்கும். பெரிய கூட்டங்களுக்குத் தடை இல்லை. மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சோதனை நிறுத்தப்படும்.

இதை அலட்சியம் என்று ஒதுக்கிவிட்டால் ஆய்வு அங்கேயே தவறிவிடும். பின்னால் ஒரு தர்க்கம் இருந்தது. அடிப்படை ஆவணம் 2011இல் எழுதப்பட்ட இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றுத் திட்டம். பரவலை நிறுத்த முடியாது, அதன் வேகத்தையும் உச்சத்தையும் மட்டுமே மாற்றலாம் என்பது அதன் அனுமானம். அப்படியானால் மிக முன்னதாக, மிக இறுக்கமாக அடக்கினால், கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் இரண்டாம் அலை எழும். அது மருத்துவமனைகள் ஏற்கெனவே திணறும் குளிர்காலத்தில் வரக்கூடும். மார்ச் 13 அன்று கூடிய ‘சேஜ்’ எனப்படும் அவசரநிலை அறிவியல் ஆலோசனைக் குழு, முழுமையாக அடக்க முயன்றால் இரண்டாம் உச்சம் வரும் என்பதில் ஒருமனதாக இருந்ததாகக் குறிப்பில் பதிந்திருக்கிறது. இரண்டாவது காரணம் சலிப்பு: மக்கள் கட்டுப்பாடுகளை நெடுநாள் தாங்கமாட்டார்கள், ஆகவே சீக்கிரம் தொடங்கினால் முக்கியமான நேரத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

முதல் காரணம் கணித மாதிரிகளிலிருந்து வந்தது. அதற்கு எதிராக வாதிடலாம், ஆனால் அது ஒரு வாதம். இரண்டாவதற்கு அந்த அளவு அடித்தளம்கூட இல்லை. மார்ச் 16 வாக்கில் 681 நடத்தை அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு, இந்தச் சலிப்புக் கோட்பாட்டுக்கு ஆதாரம் என்ன என்று திறந்த கடிதத்தில் கேட்டார்கள். அரசுக்கே ஆலோசனை சொன்ன நடத்தையியல் துணைக்குழுவின் உறுப்பினர்கள், அந்தக் கருத்து தங்களிடமிருந்து வரவில்லை என்று பின்னர் சொன்னார்கள்.

60 சதவீதம் என்ற எண்

மார்ச் 13 காலை, தலைமை அறிவியல் ஆலோசகர் பேட்ரிக் வாலன்ஸ் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். மந்தை எதிர்ப்பாற்றல் கிடைக்க மக்கள்தொகையில் சுமார் 60 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருக்க வேண்டும் என்றார். விவாதம் தீப்பிடித்தது இங்கேதான்.

அந்த எண் வரும் வழி எளிது. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்பது ஆர் எண். ஒன்றிலிருந்து, ஒன்றை ஆர் எண்ணால் வகுத்து வருவதைக் கழித்தால் வரம்பு கிடைக்கும். ஆர் 2.5 என்றால் 1 − 0.4 = 0.6. பாடநூல் கணக்கு, பிழை இல்லை. ஆனால் அதை ஒரு நாட்டின் மேல் வைத்துப் பெருக்கிப் பார்க்க வேண்டும். அன்று பொதுவெளியில் பேசியவர்களில் மிகச் சிலரே கடைசிப் படிவரை பெருக்கினார்கள்.

மக்கள்தொகை 6.6 கோடி. அதில் 60 சதவீதம் சுமார் 4 கோடி. தொற்றியவர்களில் 0.9 சதவீதம் பேர் இறப்பார்கள் என்பது லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு அந்த வாரம் பயன்படுத்திய எண். அதன்படி இறப்பு மூன்றரை லட்சத்துக்கு மேல். அதே குழுவின் மற்ற எண்களையும் எடுத்துக்கொள்வோம். தொற்றியவர்களில் 4.4 சதவீதம் பேருக்கு மருத்துவமனை தேவை: 17.6 லட்சம் பேர். அவர்களில் 30 சதவீதம் பேருக்குத் தீவிர சிகிச்சை: 5.28 லட்சம். இங்கிலாந்தில் அப்போதிருந்த தீவிர சிகிச்சைப் படுக்கைகள் ஏறத்தாழ 4,000. ஒருவர் பத்து நாள் படுக்கையில் இருந்தால், எல்லாப் படுக்கையும் கோவிட்டுக்கே என்று வைத்தாலும், ஒரு நாளில் சேர்க்க முடிந்தது 400 பேரை. 5.28 லட்சத்தை 400ஆல் வகுத்தால் 1,320 நாள், அதாவது மூன்றரை ஆண்டுக்கு மேல். படுக்கைகளை மூன்று மடங்காக்கினாலும் 440 நாள், ஒரு படுக்கைகூடக் காலியாகாமல்.

நோயாளிகள் ஒரே நேரத்தில் குவியாமல் பரவலை நீட்டிக்கச் சொல்லி, அந்த நாட்களில் உலகெங்கும் பரவிய ‘வளைகோட்டைத் தட்டையாக்கு’ படங்களின் பெரும் குறை இதுதான். பெரும்பாலானவற்றில் அச்சுகளில் எண்களே கிடையாது. மருத்துவமனைக் கொள்ளளவைக் காட்டும் கோடு, தாழ்ந்த வளைகோட்டுக்குச் சற்று மேலே வசதியாக ஓடும். உண்மை அளவில் வரைந்திருந்தால் அந்தக் கோடு தரையோடு ஒட்டிக் கிடந்திருக்கும். ‘மெதுவாகப் பரவவிட்டுச் சமாளிப்போம்’ என்ற வாதம் அந்தப் படத்திலேயே உடைந்திருக்கும்.

இன்னொரு நுட்பமும் விவாதத்தில் நழுவியது. 60 சதவீதம் என்பது தொற்று நிற்கும் இடம் அல்ல, குறையத் தொடங்கும் இடம். அந்தப் புள்ளியில் ஏற்கெனவே லட்சக்கணக்கானோர் நோயைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். ஆர் 2.4 என்று வைத்து எந்தத் தடையும் இல்லாமல் ஓடவிட்டால் 81 சதவீதம் பேருக்குத் தொற்று வரும் என்பது இம்பீரியல் குழுவின் கணக்கு.

மார்ச் 14 அன்று இருநூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கடுமையான நடவடிக்கை கேட்டுத் திறந்த கடிதம் எழுதினார்கள். மறுநாள் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக், மந்தை எதிர்ப்பாற்றல் எங்கள் இலக்கோ கொள்கையோ அல்ல என்று பத்திரிகையில் எழுதினார். அதன் பிறகு வாதம் ‘அது கொள்கையாக இருந்ததா இல்லையா’ என்ற திசையில் போய், பல மாதம் அங்கேயே சுழன்றது. அதில் செலவான ஆற்றல் வருத்தம் தருகிறது. தொற்றைப் பரவவிடுவது நோக்கமோ, தவிர்க்க முடியாத விளைவு என்று ஏற்றுக்கொண்டதோ, படுக்கைக் கணக்கு ஒன்றுதான்.

ஒரு இறப்புக்கு எத்தனை தொற்று

மார்ச் 12 அன்று வாலன்ஸ் சொன்ன இன்னும் இரண்டு விஷயங்கள் அதிகம் கவனிக்கப்படவில்லை. நாட்டில் உண்மையான தொற்று 5,000 முதல் 10,000 வரை இருக்கலாம். இத்தாலியைவிட நாம் சுமார் நான்கு வாரம் பின்னால் இருக்கிறோம். மார்ச் 17 அன்று நாடாளுமன்றக் குழுவிடம் பேசும்போது, ஒரு இறப்புக்கு ஆயிரம் தொற்று என்பது தோராய விதி என்றும், அதன்படி அப்போது 55,000 பேருக்குத் தொற்று இருக்கலாம் என்றும் சொன்னார்.

இந்த ‘ஆயிரம்’ எதைக் குறிக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். தொற்றிய நூறு பேரில் ஒருவர் இறக்கிறார். தொற்றுக்கும் இறப்புக்கும் இடையே சுமார் மூன்று வாரம். ஆக, இன்று ஒரு இறப்பு என்றால் மூன்று வாரத்துக்கு முன் 100 தொற்று. அது இன்று 1,000 ஆகியிருக்கிறது என்றால், 21 நாளில் பத்து மடங்குதான் பெருகியிருக்கிறது. பத்து மடங்கு என்பது 3.3 இரட்டிப்பு, 21ஐ 3.3ஆல் வகுத்தால் ஆறு நாளுக்குச் சற்று மேல். அந்தத் தோராய விதிக்குள் ஆறு நாள் இரட்டிப்புக் காலம் ஒளிந்திருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால் 21 நாளில் ஏழு இரட்டிப்பு, 128 மடங்கு. அப்போது ஒரு இறப்புக்கு இன்றைய தொற்று 1,000 அல்ல, ஏறத்தாழ 12,800. வெளிநாட்டில் தொற்றி வந்து இறந்தவர்கள் சிலர் இருந்தால் இந்த மேல் எண் குறையும். அப்படிக் குறைத்தாலும் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வராது.

இரட்டிப்புக் காலம் மூன்று நாள்தான் என்பதற்கு அறிவிக்கப்பட்ட இறப்புகளே சாட்சி. மார்ச் 14 அன்று 21. 16 அன்று 55. 23 அன்று 335. 55 என்பது ஏழு நாளில் ஆறு மடங்காகிறது: மூன்று நாளுக்கும் குறைவான இரட்டிப்பு. ஐந்தரை நாள் என்று வைத்திருந்தால் 23ஆம் தேதி 135க்குள் இருந்திருக்க வேண்டும்.

இத்தாலி ஒப்பீட்டையும் அன்றே சரிபார்த்திருக்கலாம். இத்தாலியில் பத்தாவது இறப்பு பிப்ரவரி 25 வாக்கில். பிரிட்டன் அந்த எண்ணில் நின்றது மார்ச் 12 அன்று. இடைவெளி 16 நாள், நான்கு வாரம் இல்லை. பிறகு நடந்ததும் அப்படியே. இத்தாலி 1,000 இறப்பைத் தாண்டியது மார்ச் 12. பிரிட்டன் தாண்டியது மார்ச் 28. மீண்டும் 16 நாள். ஒரு தாளும் பேனாவும் போதுமான இந்தச் சரிபார்ப்பை அந்தச் செய்தியாளர் கூட்டத்தில் கேள்வியாக வைத்திருந்தால் விவாதம் வேறு பாதையில் போயிருக்கும் என்பதே எங்கள் மதிப்பீடு.

சேஜ் குழுவுக்குள் இது மெல்ல உறைக்கத் தொடங்கியிருந்தது. மார்ச் 13 கூட்டக் குறிப்பு, மாதிரிகளுக்கு வரும் தரவில் 5 முதல் 7 நாள் தாமதம் இருப்பதாகவும், எதிர்பார்த்ததைவிட அதிகத் தொற்று நாட்டில் இருக்கக்கூடும் என்றும் சொல்கிறது. மூன்று நாள் இரட்டிப்பில் ஏழு நாள் தாமதம் என்றால் ஐந்து மடங்கு தவறு. ஆனாலும் மார்ச் 16 குறிப்பில் இரட்டிப்பு 5 முதல் 6 நாள் என்றே இருக்கிறது. மார்ச் 23 குறிப்பில்தான் தீவிர சிகிச்சை நோயாளிகள் 3 முதல் 4 நாளில் இரட்டிக்கிறார்கள் என்றும், ஆர் எண் 2.6 முதல் 2.8 என்றும் வருகிறது.

இந்தக் குறிப்புகள் வெளியானது மே 29. குழுவில் யார் யார் என்பதே மே 4 வரை வெளியிடப்படவில்லை. மார்ச் 13 மாலை வெளியிலிருந்த எந்தப் புள்ளியியலாளர் கையிலாவது தரவுத் தாமதம் பற்றிய அந்த ஒரு வரி கிடைத்திருந்தால், விவாதம் நோக்கங்களைச் சந்தேகிப்பதை விட்டு எண்ணைத் திருத்துவதற்குப் போயிருக்க முடியும். இரகசியம் அரசைக் காப்பாற்றவில்லை; தவற்றைப் பத்து நாள் காப்பாற்றியது.

சோதனை நிறுத்தம்

எண்கள் ஏன் பழையவையாக இருந்தன? பிப்ரவரி 18 சேஜ் குறிப்பின்படி, அப்போதைய இங்கிலாந்துப் பொதுச் சுகாதார அமைப்பால் வாரத்துக்கு ஐந்து நோயாளிகளின் தொடர்புகளைத்தான் தேட முடிந்தது. அதுவே 800 பேர். அதை 50 நோயாளிகள், 8,000 தொடர்புகள் வரை உயர்த்தலாம் என்று கணித்தார்கள். மார்ச் இரண்டாம் வாரத்தில் தேவை அதைத் தாண்டிவிட்டது. இருந்த சோதனைகளை மருத்துவமனை நோயாளிகளுக்கு ஒதுக்கியது பற்றாக்குறை முடிவு. அந்த அளவில் அது புரிகிறது. ஆனால் அதைப் பற்றாக்குறை என்று வெளிப்படையாகச் சொல்லாமல், அந்தக் கட்டத்துக்கு ஏற்ற அறிவியல் முடிவு என்று முன்வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் மார்ச் 16 அன்று ‘சோதியுங்கள்’ என்று மூன்று முறை அழுத்திச் சொன்னபோது, பிரிட்டிஷ் தரப்பு விளக்கத்தில் நம்பிக்கை போனதற்கு இதுவே காரணம்.

விளைவு, கண்ணை மூடிக்கொண்டது போல ஆனது. தொற்றியவர் மருத்துவமனைக்கு வர சுமார் இரண்டு வாரம். ஆக, மார்ச் 12க்குப் பிறகு அரசு பார்த்த ‘இன்றைய நிலை’ என்பது இரண்டு வாரம் முந்தைய பரவல். பின்னர் நடந்த மரபணு ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி நுழைவுகள் மூலம் வைரஸ் பிரிட்டனுக்குள் வந்ததாகவும், பெரும்பாலானவை ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலியிலிருந்து வந்ததாகவும் காட்டியது. அதில் ஸ்பெயினின் பங்கு அன்று உரிய அளவில் கணக்கில் எடுக்கப்படவில்லை. மார்ச் 11 அன்று லிவர்பூலில் நடந்த கால்பந்துப் போட்டிக்கு மாட்ரிட்டிலிருந்து சுமார் 3,000 ரசிகர்கள் வந்தார்கள். அவர்களுடைய ஊரில் அப்போது பார்வையாளர் இல்லாமல்தான் ஆட்டம்.

மார்ச் 16 அறிக்கையும் ஒரு வார இழுபறியும்

நீல் ஃபெர்குசன் தலைமையிலான இம்பீரியல் குழுவின் அறிக்கை மார்ச் 16 அன்று வந்தது. எதுவும் செய்யாவிட்டால் பிரிட்டனில் 5.1 லட்சம் இறப்பு; ‘பாதிப்பைக் குறைக்கும்’ வழியில் போனாலும் சுமார் 2.5 லட்சம், தீவிர சிகிச்சைக் கொள்ளளவைப் போல எட்டு மடங்குத் தேவை. கணினி நிரலின் தரம், ஐந்து லட்சம் நடந்ததா இல்லையா என்றெல்லாம் இந்த அறிக்கையைச் சுற்றிப் பிறகு பெரிய சண்டை நடந்தது. ஐந்து லட்சம் என்பது முன்கணிப்பு அல்ல, எதுவுமே செய்யாவிட்டால் என்ற நிபந்தனைக் கணக்கு. முடிவை மாற்றியது மாதிரியின் நுணுக்கமும் அல்ல. தீவிர சிகிச்சைத் தேவை, இத்தாலி அனுபவத்தின்படி, முந்தைய திட்ட மதிப்பைப் போல இருமடங்கு என்று திருத்தியதுதான். ஒரே ஒரு உள்ளீட்டு எண்.

அன்றே தேவையற்ற தொடர்பைத் தவிர்க்கச் சொன்னார்கள், குடும்பத்துடன் 14 நாள் தனிமை சொன்னார்கள். பள்ளிகளும் மதுக்கூடங்களும் மூட 20ஆம் தேதி ஆயிற்று. முழு முடக்க உத்தரவுக்கு 23. மக்கள் அதற்குள் தாங்களாகவே ஒதுங்கத் தொடங்கியிருந்தார்கள். சலிப்புக் கோட்பாடு கணித்ததற்கு நேர் எதிராக, அரசு மக்களுக்குப் பின்னால் நடந்தது.

யாரும் விவாதிக்காத முடிவு

இந்தப் பேரிரைச்சலில், அதிக உயிர் குடித்திருக்கக்கூடிய ஒரு முடிவு ஏறத்தாழ விவாதமே இல்லாமல் கடந்தது. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தொற்று வர வாய்ப்பு மிகக் குறைவு என்று சொன்ன பிப்ரவரி 25 வழிகாட்டல் மார்ச் 13 வரை நடைமுறையில் இருந்தது. மார்ச் 17 முதல், படுக்கைகளைக் காலிசெய்ய நோயாளிகளை வேகமாக வெளியே அனுப்பினார்கள். ஏப்ரல் 15 வரை சுமார் 25,000 பேர் மருத்துவமனையிலிருந்து முதியோர் இல்லங்களுக்குப் போனார்கள். அனைவருக்கும் சோதனை என்பது அந்த ஏப்ரல் 15இல்தான் அறிவிக்கப்பட்டது. அறிகுறி இல்லாதவர்களும் பரப்பலாம் என்பதைக் கணக்கில் எடுக்காத அந்த வெளியேற்ற வழிகாட்டல் சட்டவிரோதம் என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொற்று எல்லாமே வெளியேற்றப்பட்டவர்களால் வந்தது என்று சொல்ல முடியாது. ஊழியர்கள் வழியாகவும் பெருமளவு வந்தது. ஆனால் அனுப்புவதற்கு முன் ஏன் சோதிக்கவில்லை என்ற கேள்வி, அந்த வாரத் தலைப்புச் செய்திகளில் இடம்பெற்றிருக்க வேண்டியது.

ஒரு வாரத்தின் விலை

2020 ஜூன் 10 அன்று ஃபெர்குசன், ஒரு வாரம் முன்னதாக முடக்கியிருந்தால் இறப்பு குறைந்தது பாதியாகியிருக்கும் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். 2025 நவம்பரில் வெளியான பொது விசாரணை அறிக்கையும் அதே அளவில்தான் நிற்கிறது: மார்ச் 16 வாக்கில் முடக்கியிருந்தால் ஜூலை 1 வரையான முதல் அலையில் இங்கிலாந்தில் 48 சதவீதம், சுமார் 23,000 இறப்பு குறைந்திருக்கும். அதைவிட முன்னதாகச் சிறிய கட்டுப்பாடுகளைத் தொடங்கியிருந்தால் முடக்கமே தேவைப்படாமல் போயிருக்கலாம் என்றும் அது சொல்கிறது. மறுதரப்பும் உண்டு. எடின்பரோ புள்ளியியலாளர் சைமன் வுட், இறப்புத் தேதிகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மார்ச் 23க்கு முன்பே தொற்று இறங்கத் தொடங்கிவிட்டது என்று வாதிட்டார். அவர் சொல்வது சரியென்றாலும், இறங்கவைத்தது 16ஆம் தேதிக்குப் பிறகு மாறிய நடத்தை. அந்த மாற்றத்தை ஒரு வாரம் முன்னால் தொடங்கியிருக்கலாம் என்ற வாதம் அப்படியே நிற்கிறது.

தீர்த்துவைத்திருக்கக்கூடிய கருவி

5,000 முதல் 10,000 வரையா, லட்சத்துக்கு மேலா என்ற கேள்விக்கு மாதிரி தேவையில்லை; குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தாலே போதும். 10,000 தொற்று என்றால் மக்கள்தொகையில் 0.015 சதவீதம், ஒரு லட்சம் என்றால் 0.15. நாடெங்கும் 5,000 பேரைச் சோதித்தால் முதல் நிலையில் ஒருவரோ யாருமே இல்லையோ, இரண்டாம் நிலையில் ஏழெட்டுப் பேர் கிடைப்பார்கள். பரவல் முன்னே ஓடிய லண்டனில் மட்டும் எடுத்தால் வேறுபாடு இன்னும் துலக்கம். இதில் கெடுக்கக்கூடியது பொய்யான நேர்முடிவு, அதாவது தொற்று இல்லாதவருக்கு இருப்பதாக வரும் முடிவு: சோதனை ஆயிரத்தில் ஒன்று தவறினாலும் 5,000க்கு ஐந்து பொய் முடிவு வந்து உண்மையை மூழ்கடிக்கும். அதனால் நேர்முடிவு வந்த மாதிரிகளை வேறொரு மரபணுப் பகுதியைக் குறிவைக்கும் சோதனையால் மீண்டும் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மாதிரிகள் என்பதால் அது ஒரு நாள் வேலை. ஒரு வாரம் கழித்து அதையே திரும்பச் செய்தால் இரட்டிப்புக் காலமும் தோராயமாகக் கிடைத்துவிடும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் இத்தகைய ஆய்வை ஏப்ரல் இறுதியில் 20,000 வீடுகளை அணுகித் தொடங்கியது. மே 14 அன்று வந்த முதல் முடிவு, இங்கிலாந்தில் 1.48 லட்சம் பேருக்கு, அதாவது 0.27 சதவீதம் பேருக்குத் தொற்று இருப்பதாகச் சொன்னது. அந்த எண்ணைப் பற்றி யாரும் திறந்த கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை. மார்ச் இரண்டாம் வாரத்தில் அதற்குத் தேவைப்பட்டது சில ஆயிரம் சோதனைகள்.